அம்மாவின் ஓட்டைத் தாள்

இன்ஜினியரிங் டிராயிங்கில் நல்ல மார்க் வாங்கியவன் நான். அந்தத் திமிரில் செய்த ஒரு தப்பை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அப்பா லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே. ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மா, ஜாக்கெட்டுக்கு மெஷின் எம்பிராய்டரி போடுகிறார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான்.

டிசைனைத் துணியில் ஏற்றுவதே தனி வேலை. டிரேசிங் பேப்பரில் மாங்காயோ கொடியோ வரைந்து, அடியில் போர்வையை மடித்துப் போட்டு, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்த வேண்டும். அந்தத் தாளைத் துணி மேல் அசையாமல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சால் தேய்த்தால், ஓட்டை வழியே புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கும். வெளிர் துணிக்கு நீலப்பொடி, அடர் நிறத்துக்கு ஜிங்க் வெள்ளை. தாளைத் திருப்பிப் போட்டால் மறு கைக்கும் அதுவே ஆச்சு.

போன வருடம் ஒரு கல்யாண ஜாக்கெட், சந்தன நிறப் பட்டு. புள்ளிகள் மங்கலாக இருந்தன. ‘கோடுன்னா பளிச்சுன்னு தெரியணும்’ என்று பால்பாயிண்ட் பேனாவால் மேலேயே இழுத்துவிட்டேன். தைத்து முடித்ததும், தையலுக்கு வெளியே நீலக்கோடு எட்டிப் பார்த்தது. துவைக்கத் துவைக்க மை பரவியதே தவிரப் போகவில்லை.

புதுத் துணிக்கு என் பரீட்சை ஃபீஸ் பணம் போனது. அம்மா தோட்டை அடகு வைத்து ஃபீஸ் கட்டினார். திட்டவில்லை. “கோடு ஊசிக்கு வழி காட்டத்தான் கண்ணு. வேல முடிஞ்சா அது போயிரணும்” என்றார். டிராயிங் ஷீட்டில் கோடுதான் முடிவு. துணியில் தையல்தான் முடிவு. இது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பிறகு இளம்பிள்ளையில் ஜக்கார்டு தறி பார்த்தேன். அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804-ல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த முறை. பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் ஓட்டை அட்டைதான் வந்தது. அம்மாவின் தாளும் அதே இனந்தானே!

இப்போதெல்லாம் வெட்டுத் துண்டில் தேய்த்து, துவைத்துப் பார்த்த பிறகே நல்ல துணியைத் தொடுகிறேன். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. என் முதல் சம்பளம் அதற்குத்தான்.