வண்டிப் பேட்டரியும் காலைப் பாலும்

தாராபுரம் பக்கம் எங்க ஊர்த் தோட்டத்துச் சாளைகளில் மோட்டார் சைக்கிள்னா ஊர் சுற்றுகிற வண்டி இல்லை. அன்னைக்கு மாட்டு வண்டி செய்த வேலையை இன்னைக்கு அதுதான் செய்யுது. விடிஞ்சதும் பால் கேன், பத்து மணிக்குத் தீவன மூட்டை, மத்தியானம் சோளத்தட்டுக் கட்டு, சாயங்காலம் மறுபடி பால் கேன், ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்தால் மோட்டார் போட ஒரு நடை. மாட்டுக்கு மேல் வலிச்சால் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுக்குவோம். வண்டிக்குள்ள சீட்டுக்கு அடியில் கிடக்கிற பேட்டரியை, அது செத்த அன்னைக்குத்தான் திறந்து பார்ப்போம்.

அது சாகிறதும் பெரும்பாலும் காலையில்தான். சொசைட்டியில் பால் எடுக்கிறது ஆறரைக்கெல்லாம் முடிஞ்சு போகும். இருபது லிட்டர் கேனைக் கட்டிவிட்டு செல்ஃபை அமுக்கினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வரும். அந்த ஒரு வேளைப் பாலை என்ன செய்வது? டீக்கடைக்காரர் ரெண்டு லிட்டர் வாங்குவார். மீதியை உறை ஊத்தலாம், அக்கம்பக்கம் கொடுக்கலாம். பணமாக வராது.

எனக்குத் தெரிஞ்சு இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. 1980-ல் வந்த டிவிஎஸ் 50 வண்டியில், பேட்டரி என்ன ஆனாலும் மிதிச்சால் வண்டி எழும். மேக்னெட் சுத்துகிற கரண்டிலேயே பிளக்கும் எரியும், லைட்டும் எரியும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம், விட்டால் மினுக்கட்டாம்பூச்சி. இப்போது எக்ஸ்எல்லுக்கே செல்ஃப் வந்தாச்சு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் என்ஜின் ஓடும் வரைக்கும் ஹெட்லைட் எரிஞ்சுகொண்டே இருக்கும், அணைக்க ஸ்விட்ச் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெட்ரோலைத் தள்ளுகிற பம்ப்புக்கும் கரண்ட் வேணும். பேட்டரி சுத்தமாகக் காலியானால் சில வண்டிகள் கிக்கரை எத்தனை அடிச்சாலும், நாலு பேர் தள்ளினாலும் எழுந்திருக்காது. வண்டி பேட்டரியை நம்பிப் பிழைக்க ஆரம்பிச்சுவிட்டது, நாம்தான் இன்னும் டிவிஎஸ் 50 காலத்துப் பழக்கத்திலேயே இருக்கிறோம்.

பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு எட்டு மாசத்தில் ரெண்டு பேட்டரி போச்சு. ஒவ்வொண்ணும் ஆயிரத்துச் சொச்சம். மூணாவது தடவை வண்டி நின்னபோது என் சாளைக்கு வந்து சொன்னார்.

“மாப்ளே, எனக்குப் பேட்டரி ராசியில்லையாட்டம் இருக்குது. கடைக்காரன் வேற கம்பெனி போடலாம்ங்கறான்.”

“இருங்க மாமா, வாங்கறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாத்தர்லாம்.”

மோட்டார் பெட்டியில் பியூஸ் போனால் பார்க்கிறதுக்காக ஒரு மல்டிமீட்டர் வாங்கி வெச்சிருக்கேன். முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மஞ்சள் கலர் பெட்டி. அதில் 20 வோல்ட் டிசி என்று திருப்பி, சிவப்பு முனையை ப்ளஸ்ஸிலும் கருப்பை மைனஸிலும் வைத்தால் போதும். என் பேட்டரியைக் கழட்டி மாமா வண்டிக்கு மாட்டி ஸ்டார்ட் செய்தோம். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் மீட்டர் 14-ஐத் தாண்டி, 15-ஐத் தாண்டி, 15.8-ல் போய் நின்றது. உடனே அணைச்சுவிட்டேன்.

பேட்டரி மேல் ஒரு குற்றமும் இல்லை. வண்டி கொடுக்கிற கரண்ட்டை அளவாக நிறுத்துகிற ரெகுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அலுமினியத்தில் பட்டை பட்டையாக இருக்கும். அது போய், வருகிற கரண்ட்டை அப்படியே உள்ளே விட்டிருக்கிறது. பேட்டரி உள்ளுக்குள்ளேயே கொதிச்சு வற்றிப் போயிருக்கிறது. “அடிக்கடி ஹெட்லைட் பல்பு போகுதுங்களா மாமா?” என்று கேட்டேன். “ஆமா, மாசம் ஒண்ணு மாத்தறேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். சம்பந்தம் இதுதான். ரெகுலேட்டரை மாத்தின பிறகு போட்ட பேட்டரி இன்னும் ஓடுது.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, டவுனிலும் இதே கதைதான் நடக்குது. வண்டி எழவில்லை என்று போனால், அளந்து பார்க்காமலே ‘பேட்டரி போச்சு’ என்பார்கள். விற்கிறவனுக்கு அது லாபம். நமக்கும் அப்போதைக்கு வண்டி ஓடிவிடும். ஆனால் ‘டிக் டிக்’ சத்தத்துக்குக் காரணம் பேட்டரியாகவும் இருக்கலாம், சார்ஜ் ஏறாததாகவும் இருக்கலாம், லூசான ஒரு நட்டாகவும் இருக்கலாம்.

அளக்கிறது கஷ்டமே இல்லை. ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில் சாவி போடாமல் அளந்தால் 12.6-க்கு மேல் இருக்கணும். 12.2 என்றால் பாதிதான் இருக்குது. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏத்தணும். அப்புறம் ஒருத்தர் செல்ஃபை அமுக்க, இன்னொருத்தர் மீட்டரைப் பார்க்கணும். 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு உள்ளே தெம்பு இல்லை. முழுசாக சார்ஜ் ஏத்தின பிறகும் இப்படிச் சரிந்தால்தான் மாத்தணும். கடைசியாக, வண்டியை ஓடவிட்டு நடு வேகத்துக்கு முறுக்கினால் 13.5-லிருந்து 14.5-க்குள் நிற்கணும். 13-ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை, 15-ஐத் தாண்டினால் மாமா கதை. இதுக்கு மெக்கானிக் வேண்டியதில்லை.

மீட்டர் வைக்கிறதுக்கு முன்னாடியே டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வரப்பு மேலும் குண்டுங்குழியிலும் ஓடுகிற வண்டியில் நட்டு தானாகக் கழண்டுகொள்ளும். மாட்டுக் கொட்டகையில் நிற்கிற வண்டியில் எலி வயரைக் கடிச்சிருக்கும், அதையும் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் மாதிரி பூத்திருந்தால், சுடுதண்ணியில் சமையல் சோடா கலந்து பழைய பல்குச்சி பிரஷ்ஷால் தேய்ச்சால் நுரைத்துக்கொண்டு போய்விடும். ஈரம் காய்ந்த பிறகு முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் திரும்பச் சீக்கிரம் பூக்காது. கழட்டும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது ப்ளஸ் முதலில். மாத்திச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

இனி, கிராமத்து வண்டிப் பேட்டரி சீக்கிரம் போவதற்கு நான் பார்த்த முக்கியக் காரணம் ஓட்டம் பத்தாததுதான். கேட்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நாள் முழுக்க வண்டி அலையுதே என்பார்கள். அலையுது, ஆனால் வீட்டிலிருந்து தோட்டம் ஒண்ணரை கிலோமீட்டர், தோட்டத்திலிருந்து கடை ரெண்டு கிலோமீட்டர். ஒரு நாளைக்குப் பத்து தடவை செல்ஃப். ஒரு தடவை செல்ஃப் இழுத்த கரண்ட்டைத் திரும்பப் போட வண்டி சில நிமிஷமாவது நல்ல வேகத்தில் ஓடணும். நாம் மூணு நிமிஷம், அதுவும் ரெண்டாம் கியரில் மூட்டையோடு ஊர்ந்து போகிறோம். ஹெட்லைட் வேறு எரியுது. போதாததுக்குப் பையன்கள் எல்இடி போகஸ் லைட்டும் செல்போன் சார்ஜரும் மாட்டி வைக்கிறார்கள். வரவைவிடச் செலவு அதிகம். பேட்டரி பாதி வயித்தோடவே கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் உப்பு மாதிரி படிஞ்சு இறுகிப்போகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழையபடி பிடிக்காது.

அதனால் காலையில் முதல் ஸ்டார்ட் எப்பவும் கிக்கர்தான். மார்கழிக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது செல்ஃபை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறது பேட்டரிக்குப் பெரிய வதை. வாரத்தில் ஒரு நாள் தாராபுரம் சந்தைக்கோ உரக்கடைக்கோ போகிற நீள ஓட்டம் இருந்தால் நல்லது. இன்னொரு பழக்கம், ராத்திரி மோட்டார் பெட்டியைப் பார்க்க வண்டியின் லைட்டைப் போட்டு வைக்கிறது. பழைய வண்டியில் என்ஜினை அணைச்சுட்டு லைட்டை மட்டும் எரியவிடுவார்கள். பத்து நிமிஷத்தில் தண்ணி பாயும், வண்டி எழாது. அந்த நேரத்தில் பாம்பு திரிகிற வரப்பில் ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். ஒரு டார்ச் லைட் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்க ஊரில் யாருக்குச் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

உங்களைப் போல நகரத்தில் இருக்கிறவர்களுக்கு இதே வியாதி வேறு மாதிரி வரும். அபார்ட்மென்ட் அடியில் ரெண்டு வாரம் வண்டி சும்மா நிற்கும். எங்க ஊரிலிருந்து சென்னை போன பையன்கள் பொங்கலுக்கு வந்தபோது வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். தீபாவளிக்கு வந்து திறந்தால் பேட்டரி செத்திருக்கும். பேட்டரி சும்மா கிடந்தாலும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கடிகாரமும் அலாரமும் இருக்கிற வண்டியில் இன்னும் வேகமாக இறங்கும். ஒரு மாசம் வண்டியைத் தொடப் போவதில்லை என்றால் மைனஸ் வயரைக் கழட்டி வைத்துவிட்டுப் போங்கள். அப்பாவிடம் ‘தினம் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா’ என்று சொல்லிவிட்டுப் போகிறது உபகாரம் இல்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்தது ரெண்டு நிமிஷ ஐட்லிங்கில் திரும்பாது. வாரம் ஒரு தடவை அரை மணி ஓட்டினால் சரி.

புதுசு வாங்கித்தான் ஆகணும் என்றால், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற ஆம்பியர்தான் வாங்கணும். சின்ன வண்டிகளுக்கு 3, 4, 5 என்று இருக்கும். ‘பெருசா போட்டா நல்லா இழுக்கும்’ என்பது டிராக்டர்காரர் புத்தி. பெட்டிக்குள் உட்காராது, உட்கார்ந்தாலும் சின்ன வண்டி அதை நிரப்ப ரொம்ப நேரம் ஓடணும். ப்ளஸ் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள், மாறி வாங்கினால் வயர் எட்டாது. விலையைவிட முக்கியமானது தயாரித்த தேதி. கடை அலமாரியில் ஒரு வருஷம் தூங்கின பேட்டரி, புதுசு என்று பேர்தான். மூணு மாசத்துக்குள் தயாரானதைக் கேட்டு வாங்குங்கள், வாரன்டி கார்டில் தேதியும் முத்திரையும் போடச் சொல்லுங்கள். 48 மாசம் வாரன்டி என்று பெருசாக எழுதியிருந்தால், அதில் எத்தனை மாசம் சும்மா மாத்திக் கொடுப்பது, எத்தனை மாசம் விலையில் கழிவு மட்டும் என்பதைப் படியுங்கள்.

ஆசிட் ஊத்துகிற வகையா, மூடின வகையா என்றால் எங்க ரோட்டுக்கு மூடினதுதான் என்பது என் அபிப்பிராயம். திறந்த வகை குலுக்கலில் ஆசிட்டைக் கசியவிட்டு சட்டத்தை அரிக்கும். ஆனால் திறந்த வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் மாசம் ஒரு தடவை மட்டத்தைப் பார்த்து, மேல் கோடு வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். ஆசிட் ஊத்தக் கூடாது. எங்க போர் தண்ணி சோறு வேகாத உப்புத் தண்ணி, அதை ஊத்தினவர்கள் பேட்டரி ஒரு கோடையைத் தாண்டவில்லை. இந்த வகையைப் புதுசாக வாங்கும்போது கடையில் ஆசிட் ஊத்தின கையோடு மாட்டிக்கொண்டு வராதீர்கள். ஊற வைத்து, சில மணி நேரம் சார்ஜ் ஏத்தித்தான் மாட்டணும். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்கிற கடைக்காரர் நல்லவர்.

வீட்டில் சார்ஜ் ஏத்துவதானால் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 3 ஆம்பியர் பேட்டரிக்கு 0.3. ராத்திரி முழுக்க மெதுவாக ஏறட்டும். டிராக்டர் பேட்டரிக்கு வைத்திருக்கிற பெரிய சார்ஜரை இதுக்குக் கொடுத்தால் உப்பிவிடும். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு கிளம்பும், பக்கத்தில் பீடி பத்த வைக்கக் கூடாது.

மாமா கழட்டிப் போட்ட ரெண்டு பேட்டரியும் கொஞ்ச நாள் அவர் கொட்டகை மூலையில் கிடந்தது. பழைய இரும்புக்காரர் உடைச்சு ஈயம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆசிட்டும் ஈயப்பொடியும் கொட்டுகிற இடத்தில் மாடு மேயும், பேத்தி விளையாடும். பழைய பேட்டரியை விற்கிற கடையே திரும்ப வாங்கணும் என்று 2001-லேயே விதி வந்துவிட்டது, 2022-ல் புது விதியும் வந்திருக்கிறது. ரெண்டையும் சாக்கில் போட்டு, சாயாமல் நிமிர்த்தி வைத்து, டவுன் கடையில் கொடுத்தோம். கிலோ கணக்கில் எடை போட்டு, அவர் அடுத்து வாங்கின டிராக்டர் பேட்டரி விலையில் கழித்துக்கொண்டார்கள்.