அப்பாவுக்கு ஒரு கோட்டு!

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. நடுவே கொளுத்தும் வெயில். அந்த வெயிலில் பிறந்து வளர்ந்த எங்கப்பாவுக்குக் கோட்டு மாட்டிவிட ஆசைப்பட்டேன் சார் நான்!

காரணம், மதுரையில் என் கல்யாண ரிசப்ஷன். மொத்த ஆபீஸும் வரும். மேடையில் அப்பா வேட்டியோடு நின்றால் என் கௌரவம் என்னாவது? ''கோட்டு வாடகைக்கே கிடைக்குதுப்பா'' என்றேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. மொபெட்டில் ஏற்றி, ஊரிலேயே இருக்கிற கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குக் கூட்டிப் போனார். கோபுரம் வைத்த சர்ச் பார்த்திருக்கிறீர்களா? இங்கே இருக்கிறது. 1921-ல் ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் ஆரம்பித்த ஆசிரமம். பேட்டன், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே வந்து உடுத்தியதோ கதர்! 1932-ல் சென்னையில் அந்தக் கதரோடு நின்றவரைப் போலீஸ் அடித்து, விஷயம் லண்டன் பார்லிமெண்ட் வரை போயிற்று. கோட்டு போட்டிருந்தால் சல்யூட் அடித்திருப்பார்கள்.

''மதுரையில காந்தி மியூசியம் பார்த்திருக்கியாடா?'' என்றார் அப்பா.

ஆறு வருஷமாகத் தமுக்கம் வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். உள்ளே போனதில்லை. அடுத்த ஞாயிறு போனேன்.

ராணி மங்கம்மாள் அரண்மனை. 1959-லிருந்து மியூசியம். காந்தியும் ஒரு காலத்தில் நம்மை மாதிரிதான்! 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போனவர், பாண்ட் தெருவில் பத்து பவுன் கொடுத்து சூட் தைத்தார். தொப்பி மட்டும் 19 ஷில்லிங். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்புறம் 1921 செப்டம்பர் 22. இதே மதுரை, மேலமாசி வீதி. சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். திருப்பத்தூர் ஆசிரமம் பிறந்த அதே வருஷம்! 1931-ல் அந்த வேட்டியோடுதான் இங்கிலாந்து மன்னரைப் பார்க்க அரண்மனைக்குள் போனார். அதற்காகக்கூட கோட்டு மாட்டவில்லை.

இங்கே கண்ணாடிக்குள் பத்திரமாக இருப்பது அந்தப் பத்து பவுன் சூட் இல்லை. 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த கதர்த் துணி. அதன் முன்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள்கூட கப்சிப். நானும்தான்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

''கோட்டு வேணாம்ப்பா. நல்ல எட்டு முழமா வாங்கட்டுமா?''

''எனக்கு இருக்குடா'' என்றார். ''உனக்கு ஒண்ணு வாங்கிக்கோ. கட்டத் தெரியுமா?''