பிள்ளைகளுக்காக ஒரு வேஷம்

நல்ல கதை, நல்ல வசனம், நல்ல டைரக்டர் எல்லாம் கூடி வந்த படத்தில் ஒருவர் நன்றாக நடித்தார் என்றால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மாவு பக்குவமாகப் புளித்திருந்தால் யார் வார்த்தாலும் இட்லி பூப்போல வரும். மட்டமான படம் ஒன்றில், சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஏனோதானோவென்று வந்து போய்க்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு மனுஷர் மட்டும் உயிரைக் கொடுத்து நடிக்கிறாரே, அவரைத்தான் நான் உட்கார்ந்து பார்ப்பேன். 'உயிரைக் கொடுத்து' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே நான் எழுதப்போகிறவர் விஷயத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய அப்படியே வாஸ்தவம்.

படத்தின் பெயர் 'ஸ்ட்ரீட் பைட்டர்'. 1994-ஆம் வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் கதை நாவலிலிருந்து எடுத்ததல்ல, நாடகத்திலிருந்தும் எடுத்ததல்ல. காசு போட்டு விளையாடுகிற ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து எடுத்தது. ஜப்பானில் ஓஸாகா நகரத்திலுள்ள காப்காம் என்ற கம்பெனி 1991-ல் வெளியிட்ட அந்த விளையாட்டில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள். ஒருவர் விழுவார். விளையாட்டு முடிந்தது. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதானுக்கு' உலகத்திலுள்ள பையன்கள் அப்பா சட்டைப்பையில் கிடந்த சில்லறை பூராவையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

சண்டைக்காரர்கள் பல தேசங்களிலிருந்தும் வருவார்கள். நம்முடைய இந்தியாவுக்கும் ஓர் ஆசாமி உண்டு. தால்சிம் என்று பெயர். கழுத்திலே சின்னச் சின்ன மண்டையோடுகள்; கையும் காலும் ரப்பர்போல நீளும்; வாயைத் திறந்தால் நெருப்பு வரும். யோகாசனம் செய்கிறவர்களுக்கெல்லாம் வாயிலிருந்து நெருப்பு வரும் என்று ஓஸாகாக்காரர்களுக்கு யார் சொன்னார்களோ, தெரியவில்லை. நான் அறிந்த யோகாசனக்காரர்களுக்கு ஏப்பம்தான் வரும்.

இன்னொரு வேடிக்கை. விளையாட்டில் ஒரு குத்துச்சண்டைக்காரன் வருகிறான். ஜப்பானில் அவன் பெயர் எம். பைசன். பார்ப்பதற்கு அசல் மைக் டைஸன்! அமெரிக்காவுக்கு அந்தப் பெயரோடு போனால் டைஸன் வழக்குப் போட்டுவிடுவார் என்று கம்பெனிக்குக் கவலை வந்துவிட்டது. ஆகவே மூன்று பேருடைய பெயர்களை ஒருவருக்கொருவர் மாற்றிப் போட்டார்கள். குத்துச்சண்டைக்காரனுக்கு ஸ்பெயின் தேசத்தானின் பெயர், ஸ்பெயின் தேசத்தானுக்கு வில்லன் பெயர், வில்லனுக்குக் குத்துச்சண்டைக்காரன் பெயர். சிவப்பு உடுப்பும் சிவப்புத் தொப்பியும் அணிந்த சர்வாதிகாரிக்கு பைசன் என்ற பெயர் வந்து சேர்ந்தது இப்படித்தான். நாவலாசிரியர்கள் பாத்திரத்துக்குப் பெயர் வைக்க மூன்று நாள் யோசிக்கிறோம். அங்கே ஒரு வக்கீல் பயம் அதைச் செய்து முடித்துவிட்டது.

படத்தை எழுதி டைரக்ட் செய்தவர் ஸ்டீவன் டி ஸோஸா. 'டை ஹார்ட்' படத்துக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவர், கெட்டிக்காரர். ஏழு பேருக்கு மேல் பாத்திரங்கள் போனால் ஜனங்களுக்கு நினைவிருக்காது என்று அவர் கம்பெனியாரிடம் சொல்லிப் பார்த்தார். கம்பெனியார் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியைப் போல, 'இவர் ஒருத்தர்தானே' என்று சொல்லியே இலை போதாமல் போய்விட்டது. விளையாட்டில் வருகிற ஏறக்குறைய அத்தனை பேரும் படத்தில் வந்து நிற்கிறார்கள்.

வேஷப் பொருத்தம் இன்னும் பிரமாதம். அமெரிக்கக் கர்னல் கைல் வேஷத்துக்கு ஷான் குளோட் வான் டாம். அவர் பெல்ஜியத்துக்காரர். தோளில் அமெரிக்கக் கொடியைப் பச்சை குத்திக்கொண்டு பெல்ஜிய உச்சரிப்பில் இங்கிலீஷ் பேசுகிறார். தாய்லாந்து மல்லன் ஸகாட் வேஷத்துக்கு வெஸ் ஸ்டூடி. அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர், 'கடைசி மொஹிகன்' படத்தில் வில்லனாக வந்து கலக்கியவர். படப்பிடிப்பில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவில் நடந்தபடியால், அந்த ஊர் நடிகர்களில் ஒருவருக்கேனும் இடம் கொடுக்க வேண்டும் என்று அங்கத்திய நடிகர் சங்கம் கேட்டது. டைரக்டர் ஒரு பத்திரிகையில் அழகானவர்கள் முப்பது பேரின் ஜாபிதாவைப் புரட்டிக்கொண்டிருந்தார், பாடகி கைலி மினோக்கின் படம் கண்ணில் பட்டது, முடிந்தது விஷயம். பிரிட்டிஷ் பெண் வீரராக அவர் வந்துவிட்டார்.

நம் தால்சிமுக்கு யார் தெரியுமா? ரோஷன் சேட்! அட்டன்பரோவின் 'காந்தி' படத்தில் ஜவாஹர்லால் நேருவாக நடித்தவர். 1988-ல் ஷியாம் பெனகல் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' தொடரிலும் ரோஜாப்பூ வைத்துக்கொண்டு வந்தவர். அவரை நெருப்புக் கக்கச் சொல்லவில்லை. அந்த மட்டும் புண்ணியம். தால்சிமை ஒரு விஞ்ஞானியாக மாற்றி, வில்லனிடம் கைதியாக வைத்துவிட்டார்கள். ஒரு நல்ல மனுஷனை ராக்ஷஸனாக மாற்று என்று வில்லன் கட்டளையிடுகிறான். அவன் மூளைக்குக் காட்ட வேண்டிய கொலைக் காட்சிகளை எடுத்துவிட்டு, நல்ல காட்சிகளைத் திருட்டுத்தனமாகக் காட்டுகிறார் நம் டாக்டர். படத்தில் கதை என்று சொல்லத்தக்கது அந்த ஓரத்தில்தான் கொஞ்சம் இருக்கிறது. சேட் அதை ரொம்பக் கௌரவமாகச் செய்திருக்கிறார்.

இனி வில்லனுக்கு வருகிறேன்.

அவர் பெயர் ராவுல் ஹூலியா. எழுத்தைப் பார்த்து 'ஜூலியா' என்றும் சொல்வார்கள். ஸ்பானிஷ் பாஷையில் ஹூலியாதான். போர்ட்டோ ரிக்கோ தீவில் ஸான் ஹுவான் நகரத்தில் 1940-ல் பிறந்தவர். நியூயார்க்குக்கு வந்து நாடக மேடையில் ஏறினார். அந்த ஊர் ஸென்ட்ரல் பார்க்கில் திறந்த வெளியில் நடக்கும் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒதெல்லோவாக நடித்தார். 1978-ல் மெரில் ஸ்ட்ரீப்புக்கு ஜோடியாகப் பெட்ரூக்கியோவாக வந்தார். நாடக உலகத்தின் பெரிய விருதான டோனிக்கு நான்கு தடவை அவர் பெயர் போயிற்று; நான்கு தடவையும் வேறு யாருக்கோ கிடைத்தது. 1985-ல் 'கிஸ் ஆப் தி ஸ்பைடர் உமன்' படத்தில் அரசியல் கைதியாக நடித்தார். அதிலும் ஆஸ்கார் உடன் நடித்த வில்லியம் ஹர்ட்டுக்குப் போயிற்று. பிறகு 'ஆடம்ஸ் பாமிலி' படங்களில் மீசையும் கோட்டுமாக வந்து குழந்தைகளையும் பிடித்துக்கொண்டார். நடிப்பு போக மிஞ்சிய நேரத்தில், உலகத்தில் பசியை ஒழிக்க வேண்டும் என்று ஓர் இயக்கத்துக்காகப் பல வருஷம் உழைத்தார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு விளையாட்டுப் பெட்டியின் வில்லனாக நடிக்க ஏன் ஒப்புக்கொண்டார்? அவருடைய இரண்டு பையன்களும் அந்த விளையாட்டில் பைத்தியமாக இருந்தார்கள். அவர்களுக்காகத்தான்.

என் சிநேகிதர் ஒருவர், கறாரான விமரிசகர், இதைக் கேட்டதும் சிரித்தார். "சம்பளம் வாங்காமலா நடித்தார்?" என்றார். நியாயமான கேள்வி. வாங்கத்தான் வாங்கினார். படத்துக்கு ஒதுக்கிய மூன்றரைக் கோடி டாலரில் கணிசமான பங்கு கதாநாயகருக்கும் வில்லனுக்குமே போயிற்று என்கிறார்கள். வயிற்றில் புற்றுநோயை வைத்துக்கொண்டிருக்கிற, சிறு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் நல்ல சம்பளம் வருகிற வேலை ஒன்றை ஒப்புக்கொள்வதில் இளக்காரம் என்ன இருக்கிறது? பணத்துக்காகச் செய்தது, பிள்ளைகளுக்காகச் செய்தது என்று இரண்டு கணக்கு எழுதுகிறவர்கள், குடும்பம் நடத்திப் பார்க்காதவர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆம், புற்றுநோய். அதற்கு முன்னால்தான் 'தி பர்னிங் ஸீஸன்' என்ற படத்துக்காக மெக்ஸிகோவில் நடித்துவிட்டு வந்திருந்தார். பிரேஸில் காடுகளைக் காக்கப் போராடி 1988-ல் கொலையுண்ட ரப்பர்த் தொழிலாளி சிக்கோ மெண்டஸின் வேஷம் அதில். அதை முடித்துக்கொண்டு தாய்லாந்துக்கு வந்து இறங்கியவரைப் பார்த்து டைரக்டர் திடுக்கிட்டுப் போனார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

இங்கேதான் திரை மறைவில் நடந்த விஷயம் ஒன்று, படத்தின் தலையெழுத்தையே மாற்றியது. முதலில் போட்டிருந்த திட்டம் இது: ஹூலியாவின் பேச்சுக் காட்சிகளை ஆரம்பத்தில் எடுத்து முடித்துவிடுவது, அதற்குள் மற்றவர்கள் சண்டை மாஸ்டரிடம் சாவகாசமாகப் பயிற்சி பெறுவது. அந்த உறுதியை வாங்கிக்கொண்டுதான் மாஸ்டரும் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஹூலியாவின் முகத்தையும் தோளையும் பார்த்த பிற்பாடு அது முடியாது என்று ஆகிவிட்டது. அவர் கொஞ்சம் தேறட்டும், உடம்பில் சதை பிடிக்கட்டும் என்று அவருடைய காட்சிகளைத் தள்ளி வைத்தார்கள். மற்றவர்களின் சண்டைகளை முன்னால் இழுத்தார்கள். பாவம், அவர்கள் சில சமயம் காலையில் கற்றுக்கொண்ட அடியை மத்தியானம் காமிரா முன்னால் அடிக்க வேண்டி வந்தது. சண்டை விளையாட்டிலிருந்து எடுத்த படத்தில் சண்டைகளே சோகையாக இருக்கின்றன என்று அன்று பத்திரிகைகள் பரிகசித்தன. பரிகசித்தது சரிதான். காரணம் தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சோகையான சண்டைகளின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கதாநாயகர் என்ன செய்தார்? உடம்பு சரியில்லை என்று அவர் அடிக்கடி சொல்லி அனுப்பிவிடுவார், வேறு எதைப் படம் பிடிக்கலாம் என்று நான் தேடிக்கொண்டிருப்பேன் என்று டைரக்டர் 2018-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். நிஜமாகவே உடம்பு சரியில்லாதவரோ சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

நான் இந்தப் படத்தை வந்த காலத்தில் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்து என் பேரன் போட்டுக் காட்டினான். தாத்தா தூங்கிவிடக் கூடாதென்று நடுநடுவே என் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தான். பைசன் வந்த பிறகு இடிக்க வேண்டியிருக்கவில்லை.

வந்தவுடனே ஒரு விஷயம் தெரிந்தது. இந்த வேஷத்தை அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய நடிகர்கள் சின்னப் படத்தில் நடிக்கும்போது, 'எனக்கு இதெல்லாம் தெரியும், நான் இதற்கு மேற்பட்டவன்' என்று பார்வையாளர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்கள். ஹூலியாவிடம் அந்தக் கண் சிமிட்டல் இல்லை. பைசன் உலகத்தைப் பிடித்தபின் கட்டப்போகிற நகரத்துக்குப் பொம்மை மாதிரி செய்து வைத்திருக்கிறான். அதில் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடம் போதாதே என்று கவலைப்படுகிறான். தன் முகம் போட்ட நோட்டு அச்சடித்திருக்கிறான். இங்கிலாந்து ராணியைக் கடத்திக்கொண்டு போன பிறகு அதன் மதிப்பு நோட்டு ஒன்றுக்கு ஐந்து பவுன் என்று அந்த ஊர் பாங்கி நிர்ணயிக்குமாம். இதையெல்லாம் அவர் ஒதெல்லோவின் வசனத்தைச் சொல்கிற அதே சிரத்தையோடு சொல்கிறார். கண்கள் குழி விழுந்திருக்கின்றன, கன்னத்து எலும்பு தெரிகிறது. குரல் மட்டும் மேடைக் குரல். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

ஒரு காட்சியைச் சொல்லியே தீர வேண்டும். சுன் லீ என்ற பெண் பைசனிடம் சிக்குகிறாள். இருபது வருஷத்துக்கு முன் நீ எங்கள் கிராமத்துக்கு வந்தாய், எதிர்த்து நின்ற என் தகப்பனாரைக் கொன்றாய் என்று மனசில் அத்தனை நாள் பொத்தி வைத்திருந்ததைக் கொட்டுகிறாள். பைசன் வருத்தப்படவும் இல்லை, எக்காளமிடவும் இல்லை. அந்தச் சம்பவமே தனக்கு ஞாபகமில்லை என்கிறான். அவளுக்கு அது வாழ்நாளிலே மிகப் பெரிய தினம். தனக்கோ, அன்று செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான் என்கிறான்.

தொடர்கதை எழுதுகிறவர்கள் வில்லனுக்காக என்ன பாடுபடுகிறோம்! பல்லைக் கடிக்க வைக்கிறோம், மீசையை முறுக்க வைக்கிறோம், வாரா வாரம் ஒரு குரூரம் தேடிக் கண்டுபிடிக்கிறோம். ஒரு கிழமையின் பெயரைச் சொல்லி இவ்வளவு பெரிய கொடுமையைக் காட்ட முடியும் என்று யாருக்குத் தோன்றும்? அந்த வரியை எழுதியவருக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன். அதை உரக்கச் சொல்லாமல், ஏதோ பால் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னவருக்கு இரண்டு.

படம் முடிந்து ஊர் திரும்பியவருக்கு உடம்பு நிமிரவில்லை. 1994 அக்டோபர் 24-ல் நியூயார்க்குக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் காலமானார். ஐம்பத்து நான்கு வயது. ஸான் ஹுவானுக்குக் கொண்டுபோய் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் படம் வெளிவந்தது. படத்தின் கடைசியில், செத்துப்போன பைசன் மீண்டும் உயிர் பெற்றுக் கையை உயர்த்துவதாக ஒரு காட்சி எடுத்திருந்தார்கள்; அடுத்த பாகத்துக்கு அஸ்திவாரம். நடிகர் நிஜமாகவே போய்விட்டதால் தியேட்டர்களில் அதைக் காட்ட மனம் வரவில்லை, எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் அவருக்குச் சமர்ப்பணமாக ஸ்பானிஷ் பாஷையில் இரண்டொரு வார்த்தை போட்டார்கள். கடவுள் துணையோடு போய் வா என்று அர்த்தம். நாமும் போகிறவர்களைப் 'போ' என்று சொல்வதில்லையே.

விமரிசகர்கள் படத்தைக் கிழித்தார்கள். ஜனங்கள் பார்த்தார்கள், உலகம் முழுவதும் சேர்த்து ஒன்பது கோடி டாலருக்கு மேல் வசூல். 'பர்னிங் ஸீஸனுக்காக' எம்மி, கோல்டன் குளோப் என்று விருதுகள் ஹூலியாவின் பெயருக்கு, அவர் இல்லாத வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பைசனுக்காகவும் ஸாட்டர்ன் விருதுக்கு அவர் பெயரைச் சொன்னார்கள். கிடைக்கவில்லை. அது அவருக்குப் பழக்கமானதுதான்.

விளையாட்டிலிருந்து படம் வந்ததல்லவா? அந்தப் படத்திலிருந்து மறுபடியும் ஒரு விளையாட்டை 1995-ல் செய்தார்கள். நடிகர்களையே நிற்க வைத்து, அடிக்க வைத்து, குதிக்க வைத்து, போட்டோ பிடித்துப் பெட்டிக்குள் போட்டார்கள். ஹூலியாவையும் அப்படி நிறுத்துவதாகத்தான் உத்தேசம். நிற்கிற நிலையில் அவர் அப்போது இல்லை. படத்தில் அவருக்குப் பதிலாகக் குதித்த ஸ்டண்ட்காரரே சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் நின்றார். பையன்கள் காசு போட்டு விளையாடியது அவரோடுதான்.