ஆமைக்கு வழிவிடும் விளக்கு

பெசன்ட் நகர் கடற்கரையை நமக்குப் பகலிலும் சாயங்காலத்திலும்தான் தெரியும். அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில், மாங்காய் பத்தை, சுண்டல்! நடுராத்திரிக்கு மேல் வருகிற விருந்தாளியே வேறு. பங்குனி ஆமை என்னும் கடலாமை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கரையேறி, மணலில் குழி தோண்டி, ஏறக்குறைய 100 முட்டை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்.

1988 முதல் சென்னை மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளை எடுத்து வந்து, வேலி கட்டிய இடத்தில் புதைத்துக் காக்கிறார்கள். 2023 மார்ச்சில் நானும் என் கணவரும் நீலாங்கரையிலிருந்து அவர்களோடு நடந்தோம். "டார்ச் அடிக்காதீங்க ஆன்ட்டி, ஆமை கரையேறாமத் திரும்பிடும்" என்றாள் முன்னால் போன பெண். ஆனால் இருட்டு எங்கே இருக்கிறது? கடலைப் பார்த்த மாடிகளில் எல்லாம் ஃபோகஸ் லைட். மணலில் எங்கள் நிழலே நீளமாக விழுந்தது!

வெளிச்சத்தால் என்ன கெடுதல் என்கிறீர்களா? 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் பொரிந்து, பெரும்பாலும் ராத்திரியில் வெளியே வரும். எந்தப் பக்கம் வெளுத்துத் தெரிகிறதோ அங்கே ஓடும். இயற்கையில் அது கடல் பக்கம். நம் விளக்கு அதைவிடப் பளிச்சென்று இருந்தால் ரோட்டுப் பக்கம் ஓடி, நாய் வாயிலோ வண்டிச் சக்கரத்திலோ அதன் கதை முடிந்துவிடும்.

ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக வீடு கட்டும் என் நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். "அதுக்காக இருட்டிலயா உட்கார முடியும் அண்ணி?" என்றாள். வேண்டாமே! இருவரும் உட்கார்ந்து விளக்குப் பட்டியலைத் திருத்தினோம்.

கடல் பக்கச் சுவரில் விளக்கே இல்லை. படியிலும் நடைபாதையிலும் முழங்கால் உயரத்தில், மூடி போட்டு, தரையை மட்டும் பார்க்கும் விளக்கு. நிறம், ஆரஞ்சு கலந்த மஞ்சள். வெள்ளையும் நீலமும்தான் ஆமைக் குஞ்சுகளை அதிகம் இழுக்குமாம். மழையும் தூசியும் புகாதிருக்க, பெட்டியில் ஐ.பி. 65 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் இரும்பு வேண்டாம் என்றோம். கேட்டுக்கு, ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு.

உள்ளே சமையல் மேடைக்குக் காய் நறுக்க நல்ல வெள்ளை வெளிச்சம் வேண்டும். 4000 கெல்வின் பல்பு போதும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு. கண்ணுக்கும் இதம், தூக்கத்துக்கும் நல்லது. 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை, அதைத் தவிர்த்தோம். கடல் பக்க ஜன்னல்களுக்குக் கெட்டித் திரைச்சீலை. விளக்கு வைத்த பின் இழுத்துவிட வேண்டியதுதான்.

"கரண்ட் பில்லும் குறையும் போலிருக்கே!" என்று நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். கடலோரச் சகோதரிகளே, ஜனவரி பிறக்குமுன் உங்கள் வீட்டு மொட்டை மாடி விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்களேன்.