இருபத்தெட்டு மூட்டைப் பாரம்

தஞ்சைத் தரணியில் அம்பாசடர் என்பது வெறும் வாகனமன்று. சக்கரம் வைத்த பத்தாயம். விதை நெல், உரச் சாக்கு, கல்யாண அண்டா, கோயிலுக்குப் புறப்பட்ட பாட்டிமார் நால்வர், எல்லாம் அதில் ஏறும். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் வெள்ளை அம்பாசடர் 1996ஆம் ஆண்டு வண்டி. அதன் முன்இருக்கையில் இரண்டு சீட் பெல்ட்டுகள் உண்டு என்பதே வீட்டில் பலருக்குத் தெரியாது. ஒன்று இருக்கை இடுக்கில் புதைந்து கிடந்தது. ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டோ கதவிடுக்கில் நசுங்கி நசுங்கி, ஓரம் பிய்ந்து தொங்கிற்று.

இவ்வாண்டு வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, தலைப்பிரசவத்துக்கு அக்காவை இந்த வண்டியில்தான் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்வது என்று முடிவாகியிருந்தது. பெல்ட்டுகளைச் சீர்செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன். பெரியப்பாவுக்கு வண்டியின் ஒரு திருகாணியைக்கூட மாற்றப் பிடிக்காது.

“அழுக்குதானே தம்பி? சோப்புப் போட்டா பளிச்சினு ஆயிடும். பிஞ்ச எடத்துல செருப்புத் தைக்கிறவர்கிட்ட நாலு தையல் போட்டா போவுது” என்றார்.

இங்கே சிறிது வரலாறு. தோளையும் இடுப்பையும் ஒருசேரத் தழுவும் மும்முனைப் பெல்ட்டை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின். அதற்கு முன்பு விமானியை விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர், வால்வோ நிறுவனத்துக்கு வந்து மனிதனை இருக்கையோடு பிடித்து வைக்க வழி கண்டார் என்பது வேடிக்கைதான். 1959இல் அது வால்வோ கார்களில் வந்தது. காப்புரிமை இருந்தும் மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள அந்த நிறுவனம் இசைந்தது. நம் நாட்டில் முன்இருக்கைக்குப் பெல்ட் வைத்தே கார் செய்ய வேண்டும் என்ற விதி 1994இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பெல்ட்டோடு பிறந்த அம்பாசடர்களில் எங்களுடையது மூத்த தலைமுறை. பெரியப்பாவின் பிடிவாதத்துக்கு அந்த அளவில் நியாயம் உண்டு.

முதலில் கழற்றுதல். தூணிலும் தரையிலும் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. இரவு முழுதும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நீண்ட பிடி வைத்த பாக்ஸ் ஸ்பேனரால் திருகியபோது முனகிக்கொண்டே வந்தன. கார் பெல்ட்டுக்குப் பெரும்பாலும் வழங்கும் அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. உறுதியான எஃகில் செய்தவை அவை. தொலைந்தால் இரும்புக் கடையில் அதே பருமனில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் போட்டுவிடலாகாது.

ஓட்டுநர் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கியபோதுதான் உண்மையான நோய் தெரிந்தது. வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஏறி ஏறி, அந்த ஈரம் விரிப்புக்கடியில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, போல்ட் இறங்கும் இடத்தைச் சுற்றித் தரைத்தகடு அரித்திருந்தது. திருப்புளியால் குத்தினேன், அப்பளம்போல் உடைந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையைக் கண்ட நம் பகுதி வண்டிகள் அனைத்திலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெல்ட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் தகடு பிய்த்துக்கொண்டு வந்தால் பயன் என்ன? மன்னார்குடிப் பட்டறையில் அரித்த பாகத்தை வெட்டி எறிந்து, புதுத் தகடும் அடியில் கனத்த தாங்குதகடும் வைத்துப் பற்றவைத்தார்கள். இந்தச் செலவுக்குப் பெரியப்பா முகம் சுளிக்கவில்லை. வெளியே தெரியாத வேலையல்லவா!

அடுத்து பட்டைகள். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைத்து ஊறவைத்தேன். வண்டல் மண்ணே கரைந்து வந்ததுபோல் நீர் கறுத்தது. வெளுப்புத் தூள், சாயம், பெட்ரோல் எதுவும் கூடாது; இழையைத் தின்றுவிடும். நிழலில் உலர்த்திய பின் ஒவ்வொரு சாணாக மடித்து வளைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் பட்டை தோள் படும் இடத்தில் வெயிலில் வெளிறி, வளைத்தால் பஞ்சு பஞ்சாக எழுந்தது. தைப்புக்குள் மறைந்திருந்த முனையோ கருகருவென்றிருந்தது. இரண்டு நிறத்துக்கும் உள்ள வேறுபாடுதான் வெயில் தின்ற கணக்கு.

திருபுவனத்தில் பட்டு நெய்யும் நண்பனின் தாத்தாவிடம் அதைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பாவுதான் பாரம் தாங்கும். ஊடை அதை ஒழுங்கா வச்சிருக்கும், அவ்வளவுதான். ஓரத்துல பாவு அறுந்துபோச்சு. மேல தையல் போட்டா ஊசி எறங்குற ஒவ்வொரு எடத்துலயும் இன்னும் ரெண்டு அறுவும்” என்றார். எந்தப் பொறியியல் நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

பெரியப்பாவுக்கு நான் சொன்னது வேறொரு கணக்கு. இயற்பியல் மாணவன் அல்லவா! மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ நான்கு மாடி உயரத்திலிருந்து, விழுபவன் தரையைத் தொடும் வேகம் அது. சாலையோரப் புளியமரத்தில் வண்டி மோதி, முன்பக்கம் நசுங்கி, பெல்ட்டும் சற்று நீண்டுகொடுத்து, ஆள் அரை மீட்டருக்குள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நிறுத்த அவர் எடையைப்போல் சுமார் 28 மடங்கு விசை வேண்டும். 60 கிலோ ஆள் என்றால் 60 கிலோ நெல் மூட்டைகள் இருபத்தெட்டு!

“நீங்களே சொல்லுங்க பெரியப்பா. இருபத்தெட்டு மூட்டையை நாலு செருப்புத் தையல்ல தொங்கவிடுவீங்களா?”

அவர் பதில் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் மூட்டை எண்ணியவர். சற்றுநேரம் கழித்து, “அந்தப் பக்கத்துப் பெல்ட்டு நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

அது கடினமான கேள்வி. இடுக்கில் கிடந்ததால் வெயில் படவில்லை. கழுவியதும் புதிது போலவே மின்னிற்று. வளைத்தால் பஞ்சு எழவில்லை. பூட்டும் டக்கென்று பிடித்தது. ஆனால் இத்தனை ஆண்டு ஈரத்திலும் புழுக்கத்திலும் கிடந்த பட்டையில் எவ்வளவு பலம் மிச்சம் என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. சோதிக்கும் நாள் விபத்து நடக்கும் நாள்தான். அந்த இடத்தில் உட்காரப் போகிறவள் அக்கா. இரண்டையும் மாற்றுவதென்றே சொன்னேன். பழமையைப் போற்றுபவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்; கண்ணாடி, விளக்கு, கைப்பிடி எல்லாவற்றிலும் அவர்கள் கட்சிதான் நான்.

திருச்சியில் அதே வகையில், தானாகச் சுருளாமல் கையால் நீளம் சரிசெய்யும் கறுப்புப் பெல்ட்டுகள் தரச் சீட்டோடு கிடைத்தன. பழைய போல்ட்டுகளைத் துரு நீக்கி அவற்றுக்கே மாட்டினேன். இறுக்கிய பின் தொங்கிப் பார்த்தேன். பெரியப்பாவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அக்காவுக்குக் கட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் குறுக்கே போகக் கூடாது. வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் செல்ல வேண்டும். அவள் வடுவூர் ஏரியைத் தாண்டும்வரை நெளிந்துகொண்டே இருந்தாள். பிறகு தூங்கிவிட்டாள்.

கழுவிய பழைய பெல்ட் வண்டி வாங்கிய ரசீதோடு பீரோவில் இருக்கிறது. பிய்ந்ததை யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடாதபடி முழம் முழமாக நறுக்கிப் போட்டேன். ஒரு துண்டைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு போய்ப் பம்புசெட் கொட்டகைக் கதவுக்குக் கீலாக அடித்திருக்கிறார்.