துணி காய வைக்க கேஸா, கரண்டா?

நியூ ஜெர்சியில் புது வீட்டுக்குக் குடி போயிருக்கும் மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அப்பா, டிரையர் கேஸ்ல வாங்கறதுங்களா, கரண்ட்லயா? மில்லுல முப்பது வருசம் எலக்ட்ரிக்கல் பார்த்தவரு, நீங்களே சொல்லுங்."

நம் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே வீட்டுக்கு விற்கும் டிரையர் கரண்டில் ஓடுவதுதான். 230 வோல்ட் எல்லாச் சுவரிலும் இருக்கிறது. அங்கே சாதாரண பிளக்கில் 120 வோல்ட்தான். கரண்ட் டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர் தனி லைன் வேண்டும். கேஸ் டிரையரில் சூட்டைக் கேஸ் தரும். டிரம்மைச் சுற்றும் மோட்டாருக்கு அந்தச் சின்ன பிளக்கே போதும். மகள் வீட்டில் இரண்டு வசதியும் உண்டாம். மாப்பிள்ளைக்குக் கேஸ் மேல்தான் கண். செலவு குறையும் என்கிறார். அது சரிதான். ஆனால் மிஷின் விலை கொஞ்சம் கூட.

ஒரு கணக்குச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் சூடு வேண்டும். கேஸானாலும் கரண்டானாலும் இதில் தள்ளுபடி கிடையாது. ஏழு கிலோ துணியை வாஷிங் மெஷின் பிழிந்த பிறகும் மூன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். அதனால் முதலில் நன்றாகச் சுற்றிப் பிழியும் வாஷிங் மெஷினைப் பார் அம்மிணி என்றேன்.

எனக்கு உறுத்தியது வேறு. தை மாதம் அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. டிரையர் வைக்கும் இடம் குழந்தை அறையை ஒட்டி. கேஸ் எரிந்த காற்று குழாய் வழியே வெளியே போயாக வேண்டும். குழாய் அடைத்தாலோ கழன்றாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிற்கும். அதற்கு வாசனையே கிடையாது. நம் பக்கம் குளியலறை கேஸ் கீசரால் போன உயிர்கள் கொஞ்சமா? கரண்டே வாங்கு, எதுவானாலும் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய், அது தீப்பிடிக்கும் என்றேன். பஞ்சு தீப்பிடிப்பதை மில்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாயே வேண்டாத ஹீட் பம்ப் வகையும் இருக்கிறது. கரண்ட் பாதிதான், நேரம்தான் அதிகம்.

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரம்மா போனைப் பிடுங்கி, "ஏங்கண்ணு, ஒரு கொடி கட்டுனா ஆகாதா?" என்றாள். குடியிருப்போர் சங்கத்தில் கூடாதாம். "துணி காயறதுக்கா சட்டம்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மாப்பிள்ளை ஹீட் பம்ப் விலைப் பட்டியல் அனுப்பியிருந்தார்.