ஓநாயும் உம்மும்மாவும்

இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை, நரிதான் இருக்கிறது. அப்படியிருந்தும் சென்ற தவணை முழுவதும் எங்கள் வகுப்பில் ஓநாய்ப் பேச்சுத்தான். அமெரிக்க எழுத்தாளர் மெகி ஸ்டீஃப்வேட்டரின் ‘ஷிவர்’ என்ற ஆங்கில நாவல் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. 2009இல் வெளிவந்த இந்நூலைத் தொடர்ந்து 2010இல் ‘லிங்கர்’, 2011இல் ‘ஃபொரெவர்’ என இரண்டு பாகங்கள் வந்தன. டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடியெடுத்து மூன்றையும் வாசித்து முடித்தேன். பிடித்ததா என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

கதை நடப்பது மினசோட்டாவில், காட்டோரமாக உள்ள ஒரு கற்பனை ஊரில். சிறு வயதில் ஓநாய்கள் இழுத்துச் சென்ற கிரேஸை மஞ்சள் கண்ணுடைய ஓர் ஓநாய் காப்பாற்றுகிறது. அதுதான் சாம். குளிர் வந்தால் அவன் ஓநாய். வெயில் வந்தால் மனிதன். முதல் நாவலில் அத்தியாயத் தலைப்புகளிலேயே அன்றைய வெப்பநிலை எழுதப்பட்டிருக்கும். “வெள்ளவத்தைக்கு வந்தால் சாமுடைய வருத்தம் தன்பாட்டில் சுகமாகிவிடும்” என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். டிசம்பரிலும் பகலில் 30 பாகை செல்சியஸை எட்டும் ஊரில் யார்தான் ஓநாயாக முடியும்?

உம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, “இதென்ன மகள், ஓநாயோடயா காதல்?” என்று கேட்டார். எனக்கு உறுத்தியது வேறு. சாம் பல இரவுகள் கிரேஸின் அறையிலேயே தங்குகிறான். பெற்றோருக்குத் தெரியாது. மார்க்கம் வகுத்த எல்லை எமக்குத் தெரியும். அதை மீறுவதை இவ்வளவு இனிமையாக எழுதியிருப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. ஆனால் அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது அந்த வீடுதான். தாய் தன் ஓவியங்களில் மூழ்கிக் கிடக்கிறார். தந்தையோ, கிரேஸ் சிறுமியாக இருந்தபோது அவளை வெயிலில் நின்ற காருக்குள் மறந்து விட்டுப் போனவர். காதல் வளர இடம் வேண்டுமென்பதற்காகவே அந்த வீட்டை வெறுமையாக்கி வைத்தது போலிருக்கிறது.

சூரா யூசுபில் வரும் தந்தையை நினைத்துக்கொண்டேன். மகனை ஓநாய் தின்றுவிடுமோ என்று முன்கூட்டியே அஞ்சியவர் யஃகூப் (அலை) அவர்கள். ஓநாய் மீது பிள்ளைகள் சுமத்தியதோ பொய்ப் பழி. காணாமற்போன மகனை எண்ணி எண்ணியே அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போயின. கிரேஸின் வீட்டிலோ ஓநாய் மகளின் அறைக்குள்ளேயே இருக்கிறது. அவளை நினைத்துக்கொண்டிருக்கத்தான் ஆளில்லை.

இவ்வளவு குறை கண்டும் நான் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. காரணம், சாமின் பயம். ஓநாயாக மாறும்போது பெயர்களும் சொற்களும் அவனைவிட்டு நழுவிப் போகின்றன. வருடத்துக்கு வருடம் அவன் மனிதனாக இருக்கும் காலம் குறைகிறது. ஒரு வருடம் வரும், அதன்பின் திரும்பவே முடியாது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் உம்மும்மாவுக்கு மூன்று வருடங்களாக மறதி நோய். முதலில் அலுமாரிச் சாவி மறந்தது. பிறகு கறிக்கு உப்பு. பிறகு பிள்ளைகளின் பெயர்கள். சுபஹ் தொழுகைக்குப் பின் சில மணிநேரம் தெளிவாக இருப்பார். அஸர் தாண்டினால், “நீங்க யார்ட புள்ள?” என்று என்னிடம் மரியாதையாகக் கேட்பார். அந்தத் தெளிந்த நேரமும் வரவரக் குறைந்துகொண்டே போகிறது. வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். அது உள்ளுக்குள் எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாமின் அத்தியாயங்களை வாசித்தபோதுதான், மறந்துபோகிறவருக்கும் அது தெரியும், அவரும் பயப்படுவார் என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைக் காட்டியதில்லை.

நாவல் சாமுக்கு ஒரு மருந்தையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. நோய்க்கிருமியுள்ள இரத்தத்தை ஏற்றி வரவழைத்த கடுங்காய்ச்சல் அவனை மனிதனாக நிறுத்துகிறது. அந்தப் பக்கங்களில் எனக்குக் கோபமே வந்தது. எங்கள் உம்மும்மாவுக்கு அப்படியொரு அத்தியாயம் இல்லை. ஒருத்தியின் காதல் மட்டும் ஒருவனுடைய பெயரைக் காப்பாற்றிக் கொடுத்துவிடும் என்பதையும் என்னால் நம்ப முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் அதற்கு ஒரு வீடே வேண்டியிருக்கிறது. மாமி வுளூச் செய்யத் தண்ணீர் ஊற்றுகிறார். வாப்பா ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் போய் உட்கார்ந்து, தான் இன்னார் மகன் என்று புதிதாகச் சொல்கிறார். உம்மும்மா ஒழுங்கையில் இறங்கி நடந்துவிட்டால், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அன்ரி கையைப் பிடித்துக் கூட்டிவருகிறார். அவர் மறந்ததையெல்லாம் இத்தனை பேர் பங்கிட்டு நினைவில் வைத்திருக்கிறோம்.

என் தங்கை இப்போது அந்தப் புத்தகத்தைக் கேட்டு நச்சரிக்கிறாள். கொடுக்கத்தான் போகிறேன். அவள் சாமைப் பற்றித்தான் பேச வருவாள். நான் அந்த வெறும் வீட்டைப் பற்றி அவளிடம் கேட்பேன்.